தேனீயின் உழைப்பும் மூலதனத்தின் கணக்கும்

ஆண்டுதோறும் மே 20ஆம் நாள் உலகத் தேனீ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நவீனத் தேனீ வளர்ப்பின் முன்னோடிகளில் ஒருவராகிய ஆண்டன் யான்ஷாவின் நினைவாக, அவர் பிறந்த ஸ்லோவேனியா நாடு வைத்த கோரிக்கையை ஏற்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017 டிசம்பரில் இந்நாளை அறிவித்தது. அன்று அரசு விழாக்களில் பயனாளிகளுக்குத் தேனீப் பெட்டிகள் வழங்கப்படுகின்றன. பூச்சிக்கொல்லி விற்கும் பன்னாட்டு நிறுவனங்களும் தேனீக்களைக் காப்பதாக விளம்பரம் செய்துகொள்கின்றன. விழா முடிந்ததும் கணக்கு வெளிவருகிறது: இத்தனை பெட்டிகள், இத்தனை டன் தேன், இத்தனை கோடி ரூபாய் ஏற்றுமதி.

அந்தக் கணக்கில் இடம்பெறுபவை பெட்டிக்குள் அடங்கி வாழும் ஓரிரு இனங்கள் மட்டுமே. அறிவியலாளர்கள் இதுவரை பெயரிட்டு விவரித்துள்ள தேனீ இனங்களோ 20,000க்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதனுக்கு ஒரு துளித் தேனும் தருவதில்லை. அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. அவற்றை விற்க முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. ஆகவே அவை கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாதவை அழிந்தால் அந்த அழிவும் நட்டமாக எழுதப்படுவதில்லை. தேனீக்களின் நெருக்கடி என்று உலகம் பேசுவதன் சாரம் இங்கேதான் இருக்கிறது. இது பூச்சியியலாளர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் மட்டும் உரிய பொருள் அன்று. நிலம், உழைப்பு, உணவு ஆகியவற்றைப் பற்றிய அரசியல் கேள்வி இது.

ஒரு சொல், இருபதாயிரம் இனங்கள்

தேனீ என்னும் சொல்லைக் கேட்டதும் கூடு, இராணி, வேலைக்காரத் தேனீக்கள், தேனடை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. இது தேனீ உலகின் ஒரு சிறு மூலையின் சித்திரம். பாறைகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ, புதர்களில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்துகளில் பல அடைகளை அடுக்கி வாழும் இந்தியத் தேனீ ஆகியவை இந்த மண்ணுக்கு உரியவை. இன்று பெட்டிகளில் பெருமளவு வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ 1960களில் ஹிமாச்சலத்திலும் பஞ்சாபிலும் கொண்டுவந்து நிலைநிறுத்தப்பட்டது. இமயமலையின் செங்குத்துப் பாறைகளில் இன்னும் பெரிய தேனீ இனம் ஒன்று வாழ்கிறது. கொடுக்கில்லாத கொசுத்தேனீ, சுவர் இடுக்கிலும் மரத்துளையிலும் குடியிருந்து சிறிதளவு தேன் சேர்க்கிறது. தேன் என்று மனிதர் அறிந்தவை பெரும்பாலும் இவை சேர்ப்பவையே.

பெரும்பாலான தேனீ இனங்களுக்கு இராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு பெண் தேனீ தன்னந்தனியாக மண்ணைக் குடைந்து சிறு அறை அமைக்கிறது. மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்த உருண்டையை அதில் வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, அறையை மூடிவிட்டு அடுத்த அறைக்குச் செல்கிறது. தான் உழைத்துச் சேர்த்ததை உண்டு வளரும் குஞ்சுகளை அது பெரும்பாலும் காண்பதே இல்லை. பத்தில் ஏழு தேனீ இனங்கள் இவ்வாறு மண்ணுக்குள் கூடமைப்பவை. மற்றவற்றுள் இலைகளை வட்டமாகக் கத்தரித்து அறை கட்டும் இலைவெட்டித் தேனீ உண்டு. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும் தச்சுத் தேனீயை ஊர்களில் கருவண்டு என்றே அழைக்கிறார்கள். குளிர்ந்த நாடுகளில், உடலெங்கும் அடர்ந்த மயிருள்ள பம்பிள் தேனீக்கள் சுமார் 250 இனங்கள் இருக்கின்றன.

இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள அமெரிக்கப் பாலைநிலத் தேனீயும், சிறகை விரித்தால் 6 சென்டிமீட்டருக்கு மேல் வரும் இந்தோனேசியாவின் வாலஸ் தேனீயும் இந்தக் குடும்பத்தின் இரு எல்லைகள். டார்வினுடன் சேர்ந்து இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1850களின் இறுதியில் அதனைச் சேகரித்தார். நூறாண்டுக்கும் மேலாக அறிவியலாளர் கண்ணில் படாதிருந்த அது 1981இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 2019இல்தான் முதன்முறையாக உயிருடன் படம்பிடிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய தேனீயே அவ்வளவு காலம் மறைந்திருந்தது என்றால், வயல் வரப்பில் கூடமைக்கும் சிறு தேனீ மறைந்துபோனால் அதனை யார் அறிவார்?

பூவை நாடிவரும் பூச்சிகளை வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பல பெயர்களால் வழங்கியது பழந்தமிழ். வேறுபாட்டை உற்றுநோக்கிய கண்கள் இருந்தமையால்தான் வேறுவேறு சொற்கள் பிறந்தன. அச்சொற்களிற் பல இன்று அகராதிக்குள் ஒடுங்கிவிட்டன. சந்தைக்குத் தெரிந்தது தேன் என்னும் பண்டம் ஒன்றே.

பஞ்சமா, சத்துக் குறைவா?

தேனீக்கள் மறைந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வாசகம் மேடைதோறும் முழங்கப்படுகிறது. அவர் அவ்வாறு சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் கூற்றும் சரியானதன்று. நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்கள் காற்றினாலோ தன்மகரந்தச் சேர்க்கையினாலோ மணி பிடிப்பவை. தேனீக்கள் இல்லாவிட்டாலும் அவை விளையும். மிகைப்படுத்தல் எந்த இயக்கத்துக்கும் துணை செய்வதில்லை. உண்மை நிலையே போதிய அளவு கடுமையானது.

பல்லுயிர் குறித்து உலக நாடுகளின் அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை வழங்கும் பன்னாட்டு மன்றம் 2016இல் மகரந்தச் சேர்க்கை பற்றிய விரிவான மதிப்பீட்டை வெளியிட்டது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை, முழுமையாகவோ ஓரளவுக்கோ பூச்சிகளையும் பிற உயிர்களையும் சார்ந்துள்ளன என்று அது கூறியது. விளைச்சலின் அளவைக் கொண்டு பார்த்தால் இப்பயிர்களின் பங்கு 35 விழுக்காடு. அதாவது, வயிற்றை நிரப்பும் மாவுச்சத்தில் பெரும்பகுதி காற்றின் கொடை. உடலைத் தாங்கும் உயிர்ச்சத்துகளும் தாதுச்சத்துகளும் பெருமளவு பூச்சிகளின் கொடை.

பூசணி, பாகல், சுரை, வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டுக்கும் இடையே பூச்சி சென்றுவராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் மகரந்தம் சிறு குழாய்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரவைக்கத் தெரிந்த தேனீயே அதனை நன்கு உதிர்க்க முடியும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தச்சுத் தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். குடகின் காப்பிப் பூக்களுக்கு மலைத்தேனீ வருகிறது. இடுக்கியின் ஏலக்காய் இந்தியத் தேனீயைப் பெரிதும் நம்பியிருக்கிறது. வடமாநிலங்களின் கடுகுப் பயிர் தேனீக்கள் வந்து மொய்க்கும்போது கூடுதலாக விளைகிறது.

தேனீ குறைந்தால் முதலில் விலை உயர்வது காய்கறி, பழம், எண்ணெய்வித்து ஆகியவற்றுக்கே. வசதி படைத்தவன் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வான். கூலித் தொழிலாளியின் குடும்பமோ ரேஷன் அரிசியோடு நிறுத்திக்கொள்ளும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். தேனீக்களின் அழிவு பஞ்சமாக வராது. ஏழைப் பெண்ணின் தட்டில் ஏற்கனவே குறைந்துள்ள கறிகாய் மேலும் குறைவதாகவே வரும். அதனால்தான் அது வர்க்கப் பிரச்சனை.

விலையில்லா உழைப்பு

'மூலதனம்' நூலின் முதல் தொகுதியில், உழைப்பு நிகழ்முறையை விளக்கும் இடத்தில், மார்க்ஸ் தேனீயை நினைவுகூர்கிறார். தேனீயின் அறை எத்தனை நேர்த்தியாக இருப்பினும், கட்டப்போவதை முன்கூட்டியே மனத்தில் வரைந்துகொள்ளும் ஆற்றலால் மனிதன் வேறுபடுகிறான் என்பது அவருடைய கருத்து. இதைத் தேனீயின் மீதான இளக்காரமாகக் கொள்வது தவறு. இயற்கையின் ஆற்றல்களை மூலதனம் காசில்லாக் கொடையாக எடுத்துக்கொள்வதையும், முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியோடு சேர்த்து மண்ணையும் சூறையாடுவதையும் அதே சிந்தனையாளர்தாம் விளக்கினார். இயற்கையின்மீது கொண்ட வெற்றிகளுக்காக மனிதன் மிதமிஞ்சிக் களிக்க வேண்டியதில்லை என்று எங்கெல்ஸ் எச்சரித்ததும் இந்தப் பார்வையின் தொடர்ச்சியே.

தேனீ செய்யும் வேலையின் மதிப்பு, அது இல்லாத இடத்தில்தான் தெரியவருகிறது. வெனிலா கொடி மெக்சிகோவுக்கு உரியது. அந்நாட்டுக் காடுகளின் தேனீக்களே அதன் பூவைக் கருவுறச் செய்தன. ஐரோப்பியர் அதனை இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவுக்குக் கொண்டுசென்றபோது கொடி தழைத்தது, காய் பிடிக்கவில்லை. 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது கறுப்பின அடிமைச் சிறுவன், சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவைக் கருவுறச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றளவும் தோட்டங்களில் வெனிலா அம்முறையிலேயே விளைவிக்கப்படுகிறது. தோட்ட முதலாளிகள் செல்வர்களானார்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்று எட்மண்ட் ஆல்பியஸ் ஆன அந்த மனிதர் 1880இல் வறுமையில் மாண்டார். தேனீயின் இடத்தை அடிமையின் விரல்கள் நிரப்பின. இருவருக்கும் கூலி இல்லை.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்து ஹன்யுவான் பேரிக்காய்த் தோட்டங்களில் 1980கள் முதலே உழவர்கள் மரமேறி, கழியில் கட்டிய இறகுகளால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவிவருகிறார்கள். தானாகச் சூல்கொள்ளாத வணிக ரகங்கள் பரவியதும், மருந்துத் தெளிப்புக்கு அஞ்சித் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கொண்டுவரத் தயங்கியதும் இதற்குக் காரணங்கள். கூலி மலிவாக இருந்தவரை இம்முறை கட்டுப்படியாயிற்று. அதே மாநிலத்தின் மாவோசியானில் கூலி உயர்ந்ததும் பலர் ஆப்பிள் சாகுபடியையே விட்டு வேறு மரங்களுக்கு மாறினார்கள்.

கலிபோர்னியாவில் வேறொரு தீர்வு கண்டார்கள். உலக பாதாம் விளைச்சலில் சுமார் 80 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம். பிப்ரவரியில் சில வாரங்கள் மட்டுமே பூ. எஞ்சிய மாதங்களில் அங்கே தேனீக்கு உணவில்லை என்பதால் மண்ணுக்குரிய தேனீக்கள் அந்நிலத்தில் நிலைத்து வாழ இயலாது. ஆகவே ஆண்டுதோறும் அமெரிக்காவின் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதி, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை, லாரிகளில் ஏற்றப்பட்டு அங்கே வாடகைக்குக் கொண்டுவரப்படுகின்றன. நாடெங்கிலுமிருந்து வரும் கூட்டங்கள் ஒரே இடத்தில் நெருங்கும்போது உண்ணியும் வைரஸ் நோயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன. 2006–07 குளிர்காலத்தில் அந்நாட்டில் வேலைக்காரத் தேனீக்கள் இராணியையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டுக் கூட்டம் கூட்டமாக மறைந்த நிகழ்வு உலகைத் திடுக்கிடச் செய்தது. உண்ணி, வைரஸ், பூச்சிக்கொல்லி, ஒற்றைப்பயிரால் வந்த சத்துக்குறைவு ஆகியவை சேர்ந்தே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. பருவத்துக்கு ஓரிடமாக ஏற்றிச் செல்லப்பட்டு, நெருக்கடியான இருப்பிடத்தில் அடைக்கப்பட்டு, நோயுற்று விழும் புலம்பெயர் தொழிலாளியின் நிலையிலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

பெட்டிகள் பெருகுகின்றன, இனங்கள் குறைகின்றன

உலகில் வளர்ப்புத் தேனீப் பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை கடந்த அரை நூற்றாண்டில் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆகவே தேனீக்களுக்கு ஆபத்தில்லை என்று வாதிடுவோர் உண்டு. கோழிப்பண்ணைகள் பெருகியதைக் காட்டிப் பறவைகள் நலமாக உள்ளன என்று சொல்வதற்கு இது ஒப்பானது. அமெரிக்காவில் துருநிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ 2017இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. 2006க்குப் பின் யாரும் காணாத ஃபிராங்க்ளின் பம்பிள் தேனீ 2021இல் அப்பட்டியலில் சேர்ந்தது.

பெட்டிகளின் பெருக்கமே சில இடங்களில் கேடாகியிருக்கிறது. பசுமைக்குடில் தக்காளிக்காக ஐரோப்பிய பம்பிள் தேனீயைத் தொழிற்சாலைப் பொருள்போல் வளர்த்து விற்கும் வணிகம் 1980களில் தோன்றியது. 1990களின் இறுதியில் சிலி நாடு அதனை இறக்குமதி செய்தது. அது தோட்டத்தைவிட்டு வெளியேறி அர்ஜென்டினா வரை பரவியது. படகோனியாவுக்கே உரிய, உலகின் மிகப் பெரிய பம்பிள் தேனீயான பொன்னிறத் தேனீ அது பரவிய இடங்களில் மறைந்துவருகிறது. தென்னிந்தியாவிலும் 1990களின் தொடக்கத்தில் பரவிய வைரஸ் நோய், பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. ஓரினத்தை மட்டும் நம்புவது எத்துணை ஆபத்து என்பதைக் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் தேனீ வளர்த்த சிறு உழவர்கள் அப்போதே அறிந்தார்கள்.

ஒன்றிய அரசு 2020இல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை அறிவித்து, அதற்கு 'இனிப்புப் புரட்சி' என்று பெயர் சூட்டியது. நிலமற்றோருக்கு வருவாய் தரும் தொழில் என்ற அளவில் தேனீ வளர்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் பெட்டியையும் தேனையும் எண்ணும் இயக்கம், அந்தப் பெட்டியைச் சுற்றியுள்ள வயலில் தெளிக்கப்படுவது எது என்று கேட்கவில்லையெனில், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலையாகவே அது முடியும்.

ஒரே நஞ்சு

இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் பூச்சிக்கொல்லி வகைகளுள் ஒன்று நியோநிகோட்டினாய்டு. விதையில் பூசினால் போதும். செடி வளரும்போது அந்த நஞ்சு வேரிலிருந்து இலைக்கும், பூந்தேனுக்கும், மகரந்தத்துக்கும் ஏறிவிடும். குறைந்த அளவில் உண்ட தேனீ உடனே சாவதில்லை. அதன் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு, கற்றதை மறந்து, கூட்டுக்குத் திரும்பும் வழி தவறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது; 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றாகத் தடைசெய்தது. இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்ற பேயர் நிறுவனத்தின் மேல்முறையீடு 2021இல் தள்ளுபடியாயிற்று. அந்த இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமெத்தாக்ஸாம் ஆகிய மூன்றும் இந்திய உழவர்களுக்குத் தடையின்றி விற்கப்பட்டுவந்துள்ளன. ஐரோப்பியத் தேனீக்கு ஆகாதது இந்தியத் தேனீக்கு மட்டும் எவ்வாறு ஆகும்?

இந்நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2008இலும் 2020இலும் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்யும் வரைவு ஆணையை ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. அவற்றுள் பலவற்றுக்கு, தேனீக்களுக்கு நஞ்சு என்பதும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. உற்பத்தியாளர்களின் எதிர்ப்புக்குப் பின் 2023இல் இறுதி ஆணை வந்தபோது, ஒரு சில மருந்துகளே தடைக்குள்ளாயின. மரபணு மாற்றப்பட்ட கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல் பரிந்துரைத்த குழு, தேனீக்களின்மீது அதன் விளைவைப் பயிரிட்ட பிறகு ஆராயலாம் என்றது. ராஜஸ்தான், பஞ்சாப் தேனீ வளர்ப்போர் இதனை எதிர்த்தனர். உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர்.

தேனீயைக் கொல்லும் நஞ்சு தேனீயோடு நிற்பதில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்கள் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் இடங்களுள் அடங்கும். தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன்னர் ஜீப்புகளில் நெருக்கியடித்து அங்கே வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்கள், தேனீ நுகரும் அதே காற்றையே நுகர்கிறார்கள்.

இதில் உழவரைக் குற்றவாளியாக்குவது தவறு. அரசின் வேளாண் விரிவாக்கப் பணி மெலிந்துபோன ஊர்களில், எந்த மருந்தை எவ்வளவு தெளிப்பது என்று சொல்பவர் மருந்துக் கடைக்காரரே. பல ஊர்களில் கடன் கொடுப்பவரும் அவரே. பொய்த்தால் ஓராண்டு வாழ்வே பறிபோகும் நிலையில் உள்ள குத்தகை உழவர், ஒருமுறைக்கு இருமுறை தெளிப்பதில் வியப்பில்லை. மாற்று உண்டென்பதை ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டப் புனுகுலா கிராமம் 2000களின் தொடக்கத்தில் காட்டியது. கடனில் மூழ்கியிருந்த பருத்தி உழவர்கள், பெண்கள் குழுக்களின் முன்முயற்சியோடு, இரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கைவிட்டார்கள். செலவு குறைந்தது; கடன் சுமை தணிந்தது.

காட்டுத் தேன் யாருடையது?

பெட்டிக்குள் அடங்காத தேனீக்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவு பழங்குடி மக்களிடம் இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், எந்தப் பூ எப்போது பூக்கும், எந்த மரத்தில் மலைத்தேனீ இறங்கும், அடையில் எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். வனவிலங்குப் பாதுகாப்பின் பெயரால் 2000களில் அவர்கள் தேன் சேகரிப்பது தடுக்கப்பட்டது. இடதுசாரிகள் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வலியுறுத்தியதன் பயனாகவும் 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், தேனையும் மெழுகையும் பெயர் குறிப்பிட்டே சிறு வனப்பொருட்களுள் சேர்த்து, அவற்றின்மீது வனவாசிகளுக்கு உடைமை உரிமை வழங்கியது. அதன்கீழ் 2011இல் சோலிகர் தங்கள் சமூக உரிமையை நிலைநாட்டினார்கள். புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை ஏற்கப்பட்ட முதல் நிகழ்வு அது.

மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் நிலைமை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் மௌலேக்கள் எனப்படும் தேனெடுப்போர் படகுகளில் சதுப்புக் காட்டுக்குள் செல்கிறார்கள். அவர்களுள் புலிக்கு இரையானோர் பலர். அனுமதிச் சீட்டு இல்லை, தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் சென்றார் என்றெல்லாம் சொல்லி இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு மறுக்கப்படுவதும் உண்டு. வன உரிமைச் சட்டம் தங்கள் பகுதியில் நடைமுறைக்கு வரவே இல்லை என்பது அம்மக்களின் நெடுநாள் குறை. சுந்தரவனத் தேனுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனைப் பெற்றது மாநில வன வளர்ச்சிக் கழகம். தேனுக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. தேனெடுப்பவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சந்தையிலும் இதே நிலைதான். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேனின் 22 மாதிரிகளைச் சோதித்ததில் ஐந்தே அனைத்துச் சோதனைகளிலும் தேறின. நிறுவனங்கள் இதனை மறுத்தன. ஆயினும் சர்க்கரைப் பாகு தேனாக விலைபோகும் சந்தையில் உண்மையான தேனுக்கு விலை இராது என்பது, கொள்முதல் விலை சரிந்து பெட்டிகளை விற்றுவிட்ட சிறு வளர்ப்போரின் அனுபவம்.

போராட்டம் தரும் பாடம்

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் மாயா மக்கள் கொடுக்கில்லாத தேனீயைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்ப்பவர்கள். மான்சான்டோவின் மரபணு மாற்றப்பட்ட சோயாவை அங்கே பயிரிட அரசு அனுமதித்தபோது, லெய்டி பெச் என்ற தேனீ வளர்க்கும் பெண்ணும் அவருடைய தோழியரும் கிராமம் கிராமமாக மக்களைத் திரட்டினர். பூர்வகுடிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2015 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2017இல் அனுமதியே இரத்தானது. தேனீயைக் காத்தது பெட்டி வழங்கும் திட்டம் அன்று, நிலத்தின்மீதான மக்களின் உரிமை.

கேரளத்தின் காசர்கோடு தரும் பாடம் இன்னும் அண்மையானது. அங்கே முந்திரித் தோட்டங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. தேனீக்களும் மீன்களும் மடிவதை மக்கள் கண்டனர். பின்னர் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளைக் கண்டனர். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுவதும் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் ஆணையிட்டது. அந்தத் தோட்டங்கள் தனியார் முதலாளிக்கு உரியவை அல்ல, பொதுத்துறைக் கழகத்துக்கு உரியவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடைமை பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. எதைத் தெளிப்பது, எதைத் தவிர்ப்பது என்ற முடிவில் தொழிலாளிக்கும் ஊராருக்கும் குரல் இருக்க வேண்டும்.

கூலி, நிலம், குறைந்தபட்ச ஆதரவு விலை என்று இத்தனை பிரச்சனைகள் இருக்கையில் தேனீக்காகவும் போராடுவதா என்ற கேள்வி எழலாம். இது தனிக் கோரிக்கை அன்று. இருக்கும் கோரிக்கைகளின் உள்ளேயே இருக்கிறது. பிற நாடுகளில் தடைசெய்யப்பட்ட நஞ்சுகளைத் தடைசெய்க என்பது தெளிப்புத் தொழிலாளியின் உயிருக்கான கோரிக்கை. வேளாண் விரிவாக்கப் பணியை மீட்டெடுக்க வேண்டும் என்பது கடனில் சிக்கிய உழவனின் கோரிக்கை. தேனுக்கு உரிய விலையும் அரசுக் கொள்முதலும் வேண்டும் என்பது பெட்டிகளோடு மாநிலம் மாநிலமாக அலையும் சிறு வளர்ப்போரின் கோரிக்கை. வன உரிமைச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துக என்பது ஆதிவாசி மக்களின் கோரிக்கை. மேய்ச்சல் நிலத்தையும் புறம்போக்கையும் தனியாருக்குத் தாரை வார்க்காதே என்பது நிலமற்றோரின் கோரிக்கை. மண்ணுக்குள் கூடமைக்கும் தேனீக்குக் கடைசிப் புகலிடமும் அந்த உழப்படாத நிலமே.

அடுத்த மே 20 அன்று பெட்டி வழங்கும் விழாக்கள் மீண்டும் நடக்கும். ஒன்றியத்துக்கு ஒன்றியம் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அன்று செய்யக்கூடிய வேலைகள் எளியவை, ஆனால் பயனுள்ளவை. பகுதியின் மருந்துக் கடைகளில் விற்பவை எவை, அவற்றைத் தெளிப்போருக்கு முகக்கவசமும் கையுறையும் தரப்படுகின்றனவா, வன உரிமை மனுக்கள் எந்த அலுவலகத்தில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன, ஊர்ப் புறம்போக்கு எவர் வேலிக்குள் போயிற்று என்று பட்டியலிட்டு, அதை மக்கள் முன்வைத்துக் கணக்குக் கேட்கலாம். மூலதனம் எழுத மறுக்கும் கணக்கை எழுதத் தொடங்குவதே முதல் வேலை.